கித்தேரி அவிழ்க்காத கயிறு

எங்க ஊரு சங்குமுனைய ஒரு படகு கட்டி இழுத்துக்கிட்டு வந்து இங்க போட்டுச்சுன்னு சொன்னா, நீங்க முதல்ல என்ன கேப்பீங்கன்னு எனக்குத் தெரியும். படகு எம்புட்டுப் பெருசுன்னு கேப்பீங்க. வர்றவங்க எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க. அப்ப அடுப்புல சோறு வெந்துச்சா, யாரு யாரை விட்டுட்டு வந்தாங்கன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. அதனால கேக்காமலே சொல்லிடுறேன். என் பேரு கித்தேரி. அந்தப் படகை ஓட்டிக்கிட்டு வந்தது என் வீட்டுக்காரரு தொம்மை. அதைக் கரையில இருந்து அவிழ்த்து விட்டிருக்க வேண்டியவ நான்.

எங்க கரையில புதுப் படகு இறக்குறதுக்கு ஒரு முறை உண்டு. வீட்டுக்கு ஒரு புரின்னு ஊரே தேங்காநாரு திரிச்சு, அத்தனை புரியையும் ஒண்ணா முறுக்கி ஒரே கயிறாக்கி, ஒரு நுனியப் படகோட பின்பக்கத்துலயும் மறுநுனியக் கோயிலுக்கு முன்னால நிக்கிற கல்லுத்தூண்லயும் கட்டுவாங்க. அதுக்குப் பேரு கரைக்கயிறு. சாமியாரு மந்திரிச்சு, படகு தண்ணியில மிதந்து, இஞ்சின் சத்தம் கேட்டப்புறம் தூண்ல இருக்கிற முடிச்சை ஒருத்தி வந்து அவிழ்த்து விடணும். யாரு வேணும்னாலும் அவிழ்த்துட முடியாது. அந்தக் கரை மண்ணுல பிள்ளையப் புதைச்ச தாயாத்தான் இருக்கணும். அவ மனசு அந்த மண்ணை விட்டு எங்கயும் போகாது, அவ அவிழ்த்துவிட்ட படகும் எந்தக் கடலுக்குப் போனாலும் திரும்பி வந்துடும்னு நம்பிக்கை.

இது நல்ல முறையா, கொடுமையான முறையான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல. என் மக செலின் மூளைக்காய்ச்சல்ல போய்ச் சேர்ந்தப்ப எனக்கு அழுகையே வரல, கல்லு மாதிரி உக்காந்திருந்தேன். அடுத்த மாசம் எங்க கரையில ஒரு வள்ளம் இறங்குச்சு. பொம்பளைங்க வந்து என்னைக் கைத்தாங்கலாக் கூட்டிக்கிட்டுப் போயி தூண்கிட்ட நிறுத்தி, "அவுத்து விடு தாயி"ன்னாங்க. முடிச்சுல கை வச்சதும் அழுதேன் பாருங்க, அப்படி ஒரு அழுகை. அதுல இருந்து எங்க ஊரு இறக்கின படகு அத்தனையும் என் கை அவிழ்த்து விட்டதுதான். ஒண்ணுகூடத் திரும்பாமப் போனதில்ல. செலின் ரோட்டுக்கு மேக்க, கல்லறைத் தோட்டத்துல, ஒரு பூவரச மரத்தடியில இருந்தா. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் போயி ஒரு மெழுகுவர்த்தி கொளுத்தி, வாரத்துல நடந்ததெல்லாம் அவகிட்டச் சொல்லிட்டு வருவேன்.

எங்க ஊரு யார்டுல மீன்பிடி படகுதான் கட்டுவாங்க. அந்த யார்டுக்கு ஒரு முதலாளி, வடக்க பட்டணத்துக்குப் பக்கத்துல கடலைப் பார்த்து பங்களா கட்டியிருக்கிறவரு, உல்லாசமாச் சுத்துறதுக்கு ஒரு படகு வேணும்னு சொல்லிவிட்டாரு. கட்டினாங்க. வெள்ளை வெளேர்னு, கறுப்புக் கண்ணாடி போட்டு, உள்ளே மெத்தை, குளிர்சாதனம், கக்கூசுல தங்கக் கலர்ல குழாய். மீன் பிடிக்காத படகை எங்க ஊரு அன்னிக்குத்தான் பார்த்துச்சு. சோபாவுல பிளாஸ்டிக் உறை பிரிக்காம இருந்துச்சு. அதை இழைச்சு இழைச்சுக் கட்டினவன் ஒருத்தனும் அதுல குந்தினதில்ல. "செருப்போட ஏறாதே, செருப்பில்லாமலும் ஏறாதே"ன்னாரு முதலாளியோட மேனேஜர் நீலமேகம். அப்புறம் எப்படித்தான் ஏறுறதுன்னு நான் கேட்டேன், தொம்மை என்னை முறைச்சாரு.

அவரு முறைச்சதுக்குக் காரணம் இருந்துச்சு. படகைப் பத்திரமாக் கொண்டுபோய் ஒப்படைச்சா ஆயுசுக்கும் நீதான் கேப்டன்னு மேனேஜர் அவருக்கு ஆசை காட்டியிருந்தாரு. தோளுல தங்கப்பட்டை வச்ச வெள்ளைச் சட்டை ஒண்ணைப் போன்ல காட்டினாராம். என் வீட்டுக்காரரு அந்தப் படத்தைத் தன் போனுக்கு வாங்கி வச்சுக்கிட்டாரு. வாழ்நாளெல்லாம் அடுத்தவன் விசைப்படகுக்கு டிரைவரா இருந்து, கருவாட்டு நாத்தத்துலயே முங்கிக் கிடந்த மனுசன். ஆசைப்பட்டாரு. ஆசைப்பட்டதைத் தப்புன்னு நான் சொல்லல.

படகு இறக்குற அன்னிக்குக் குளிச்சு, சீலை மாத்தி, தூண்கிட்ட போயி நின்னேன். மேனேஜர் என்னைப் பார்த்துட்டு ஊர்த்தலைவர் மிக்கேல்கிட்ட, "இந்தம்மா எதுக்கு இங்க நிக்குது?"ன்னாரு. அவரு முறையச் சொன்னாரு. மேனேஜர் முகம் சுண்டிப்போச்சு.

"குழந்தை செத்த பொம்பளையா? புதுப் படகை இவங்க கையால அவிழ்க்கிறதா? என்னங்க இது அபசகுனமா! முதலாளியம்மா காதுக்குப் போச்சுன்னா படகே வேண்டாம்னுடுவாங்க. பிள்ளை குட்டியோட நல்லா இருக்கிறவங்களா ஒருத்தரைக் கூப்பிடுங்க."

ஊரே கேட்டுக்கிட்டு நின்னுச்சு. நான் தொம்மையப் பார்த்தேன். அவரு படகைப் பார்த்தாரு.

"ஏய்யா, செலின் உங்களுக்கும் பிள்ளைதானே?"ன்னு கேட்டேன்.

"இன்னிக்கு ஒரு நாள்தானே கித்தேரி. நீ வீட்டுக்குப் போ"ன்னாரு.

போனேன். திரும்பிப் பார்க்காமப் போனேன். எனக்கும் ரோசம் இருக்குல்ல? நான் போனப்புறம் மேனேஜர் ஒவ்வொரு பொம்பளையாக் கூப்பிட்டிருக்காரு, ஒவ்வொருத்தியும் ஒரு எட்டுப் பின்னால வச்சிருக்கா. ஆம்பளைங்க யாரும் அந்தத் தூண்கிட்டயே போகல. பிள்ளை பெத்த எவளும் அந்த முடிச்சைத் தொட மாட்டா. தொட்டா தன் பிள்ளையவும் அந்த மண்ணுக்கு எழுதிக்குடுத்த மாதிரி. அதுக்குள்ள ராகுகாலம் வந்துடும்னு மேனேஜர் குதிச்சிருக்காரு. என் வீட்டுக்காரரு, "விடுங்க சார், இந்த இஞ்சினுக்கு நாருக்கயிறு எம்மாத்திரம்? தானா அத்துக்கும்"னு சொல்லிட்டு ஏறி, இஞ்சினை முறுக்கிட்டாரு.

கயிறு அத்துக்கல. நான் வாசல்ல உக்காந்து ஆத்திரத்தோட பாரை மீனைச் செதில் உரசிக்கிட்டிருந்தேன். சட்டியில இருந்த தண்ணி ஒரு பக்கமாச் சாஞ்சுச்சு, அப்புறம் நேரா நின்னுச்சு. நிமிந்து பார்த்தா மேக்கால ரோடு எங்களை விட்டு விலகிப் போய்க்கிட்டிருந்துச்சு. வீட்டுக்கு ஒரு புரி குடுத்திருந்தோமில்லையா, புரி குடுத்த வீடெல்லாம் வந்துச்சு, புரி குடுத்த சாமியாரோட கோயிலும் வந்துச்சு, கிணறு வந்துச்சு, வலை காயப்போட்ட மணலு வந்துச்சு. ரேஷன் கடை வரல, அந்தக் கடைக்காரரு வெளியூரு. பஸ் ஸ்டாப் வரல. கல்லறைத் தோட்டம் வரல. செத்தவங்க யாரும் புரி குடுக்கல பாருங்க.

நான் செதிலும் கையுமா ஓடினேன். தண்ணி ஓரம் வரைக்கும் ஓடினேன். பூவரச மரம் கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு, அப்புறம் பச்சையா ஒரு பொட்டு மாதிரித் தெரிஞ்சுச்சு, அப்புறம் அதுவும் தெரியல. ஊருல மத்தவங்க என்னமோ தேர் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கிட்டு நின்னாங்க. "ஏட்டி, ஊரு போகுதுட்டி"ன்னு பக்கத்து வீட்டு வியாகுலம் சொன்னா. "ஆமா, போகுது"ன்னா அவ மாமியா. அவ்வளவுதான். அடுப்புல இருந்ததை இறக்கி வைக்கப் போயிட்டாங்க.

படகுக்கும் எங்களுக்கும் ஒரு கூப்பிடு தூரம். நான் கிழக்குக் கரையில நின்னு கத்தினேன், தொண்டை கிழியக் கத்தினேன். "திருப்புங்கய்யா! பிள்ளைய விட்டுட்டு வந்துட்டோம்! சுக்கானைத் திருப்புங்கய்யா!"

தொம்மை பின்பக்கம் வந்து நின்னு கையக் குவிச்சுக்கிட்டு, "குடுத்துட்டு வந்துடுறேன் கித்தேரி! ஒப்படைச்சு முடிச்சதும் ஊரை இழுத்துட்டுப் போயி இருந்த இடத்துலயே விட்டுடுறேன்! சத்தியமா!"ன்னு கத்தினாரு. பக்கத்துல மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு நின்னாரு.

நான் தூணுக்கு ஓடினேன், முடிச்சுல கை வச்சேன். சாமியாரு வந்து தடுத்தாரு. "நடுக்கடல்ல அவுத்துட்டா நடுக்கடல்லயே நின்னுடுவோம்மா. அப்புறம் எந்தக் காலத்துல கரையப் பார்க்கிறது?" அவரு சொன்னதும் சரிதான். கையை எடுத்துட்டேன். நான் அவிழ்த்தா ஊரு நின்ன இடத்துலயே நின்னுடும், அவிழ்க்காத வரைக்கும் செலின்கிட்டத் திரும்பிப் போக ஒரு வழி இருக்கு. அந்தக் கணக்கை நான் அன்னிக்குப் பிடிச்சவ, இன்னும் விடல.

ஊரு எப்படிப் பழகிக்கிட்டுச்சுன்னு சொன்னா உங்களுக்குச் சிரிப்பு வரும், எனக்கு வயிறு எரியும். முதல் நாளு கொஞ்சம் தலைசுத்தல், வாந்தி. மறுநாளு பொம்பளைங்க அடுப்படி வாசல்ல இருந்தே தூண்டில் போட்டு சீலா மீன் பிடிச்சாங்க. ஆம்பளைங்க கடலுக்குப் போற வேலை இல்லாம மணல்ல சீட்டு ஆடினாங்க. கிணத்துத் தண்ணி இனிப்பாவே இருந்துச்சு. செல்போன்ல ஒவ்வொரு ஊரு டவரும் மாறி மாறி வரவேற்புச் சொல்லுச்சு. பாம்பன் பாலத்துக்கிட்ட வந்தப்ப, நெருக்கடியான பஸ்ஸுல இன்னும் ஒருத்தருக்கு இடம் விடுறாப்பல வீடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒடுங்கி உக்காந்துச்சு. பாலத்தைத் தூக்கிவிட்டாங்க. கோயில் சிலுவை உரசாம ஊரு அந்தப் பக்கம் போயிடுச்சு. மேல நின்னு ஒருத்தரு, "படகுக்கு அனுமதி இருக்கு, பின்னால வர்றது என்ன?"ன்னு கேட்டாரு. "அதுவும் நம்மளுதுதான், விட்டுடுங்க சார்"னு மேனேஜர் சொன்னாரு. நம்மளுதாம்!

வழியில கரையில நின்ன ஊருக்காரங்க எல்லாம், "எங்க போறீக?"ன்னு கேட்டாங்க. "படகு குடுக்கப் போறோம்"னு எங்க ஆளுங்க பெருமையாச் சொன்னாங்க. கோடியக்கரைப் பக்கம் கட்டிக்குடுத்த தன் மகளைப் பார்த்த வியாகுலம், கரையை நெருங்கிப் போறப்ப ஒரு கருவாட்டுப் பொட்டலத்தைத் தூக்கி எறிஞ்சா, மக அதைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. "இப்படி வருசத்துக்கு ஒருக்கா வந்தா நல்லாத்தான் இருக்கும்"னு வியாகுலம் சொன்னா. அவளை நான் வாயில வந்தபடி ஏசினேன். பாவம், அவ மக உயிரோட இருக்கா, அவளுக்கு என்ன தெரியும்.

முதலாளி பங்களாவுக்கு முன்னால போய்ச் சேர்ந்தோம். முதலாளியும் அவரு சம்சாரமும் மகனும் மாலை, கேக்கு எல்லாம் வச்சுக்கிட்டு நின்னாங்க. அந்தம்மா கறுப்புக் கண்ணாடியக் கழட்டிட்டு எங்களைப் பார்த்தாங்க. கோயிலைப் பார்த்தாங்க, கொடியில காயுற எங்க சீலையப் பார்த்தாங்க. "நாம படகு மட்டும்தானே கேட்டோம்?"னு மேனேஜர்கிட்டக் கேட்டாங்க.

படகுத்துறையில இன்னொரு ஆளு நின்னான். தோளுல தங்கப்பட்டை. அதே சட்டை. தொம்மை சாவியக் குடுத்ததும் அவன் வாங்கிப் பையில போட்டுக்கிட்டான். "கம்பெனி ஆளையே கேப்டனா வச்சுட்டாங்கப்பா, நான் என்ன பண்றது"ன்னாரு மேனேஜர். என் வீட்டுக்காரரு கயித்தைப் பிடிச்சுக்கிட்டே நீந்தி ஊருக்கு வந்தாரு. ஈரத்தோட வந்து வாசல்ல நின்னாரு. சோறு போட்டேன். வேற என்ன செய்யச் சொல்றீங்க? இழுத்துட்டுப் போய் விடுறேன்னு சொன்ன வாயி சோத்தை மென்னுக்கிட்டிருந்துச்சு.

படகுல இருந்த முடிச்சை அவுக்கப் பார்த்தாங்க, அது அசையல; கயித்தை வெட்டப் பார்த்தாங்க. அருவாள், ரம்பம், கடைசில பொறி பறக்கிற மிஷினு. நாருல ஒரு இழை பிரியல. என்னை விட்டா அவிழ்க்க ஆளில்லைன்னு அன்னிக்குத்தான் மேனேஜருக்கு விளங்குச்சு. அபசகுனக்காரிய அம்மான்னு கூப்பிட ஆரம்பிச்சாரு. நான் அசையல. அதனால முதலாளி ஞாயித்துக்கிழமை விருந்தாளிகளோட உல்லாசம் போனா நாங்களும் பின்னால போனோம். பூசை நடுவுல ஊரு திரும்பும், பீடத்து மெழுகுவர்த்தி சாயும், சாமியாரு ஒரு கையால நற்கருணைப் பாத்திரத்தைப் பிடிச்சுக்குவாரு. படகுல இருந்து விருந்தாளிங்க எங்களைப் போட்டோ எடுப்பாங்க. எங்க பிள்ளைங்க கைய ஆட்டுவாங்க.

ஒரு அதிகாரி வந்து பார்த்தாரு. இது எந்தத் தாலுகான்னு அவருக்குப் புரியல. தாடையச் சொறிஞ்சு யோசிச்சுட்டு, இந்த ஊரு படகோட சேர்ந்த சாமான்னு முடிவு பண்ணிட்டுப் போயிட்டாரு. அதாவது நங்கூரம், மிதவை, அப்புறம் சங்குமுனை.

அதுக்கும் எங்க ஆளுங்க கோவப்படல. பட்டணத்துல மீனுக்கு நல்ல கிராக்கி. ஆஸ்பத்திரி பக்கம். பிள்ளைங்க இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் போச்சு. "அங்க என்ன வச்சிருக்கு கித்தேரி, உப்புக்காத்தும் மண்ணும்தானே"ன்னு மிக்கேல் கேட்டாரு. அங்க என்ன வச்சிருக்குன்னு என்கிட்டக் கேட்டாரு!

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு ஊரே கோயில் வாசல்ல நிக்கிறப்ப மேனேஜர் வந்தாரு. கையில ஒரு பை. சிரிச்சு சிரிச்சுப் பேசினாரு. ஊருக்குக் குழாய்த் தண்ணி போடுறாங்களாம், இந்த இடத்துக்கே பட்டா வாங்கித் தராங்களாம். பையில இருந்து ஒரு சட்டையை எடுத்தாரு. தோளுல தங்கப்பட்டை.

"தொம்மைதான் இனிமே கேப்டன். நீங்க முடிச்சை மட்டும் அவுத்து விட்டுடுங்கம்மா, போதும்."

"படகு எங்க போகப் போகுது?"ன்னு கேட்டேன்.

அவரு சட்டையை மடிச்சுக்கிட்டே சொன்னாரு. "தெக்கதான். உங்க பழைய கரை காலியா இருக்குல்ல, அங்க முதலாளி விடுதி கட்டுறாரு. படகு நிறுத்தத் துறை கட்டியாச்சு. படகு அங்க போகணும். கயித்தோட போனா நீங்களும் கூடவே வந்துடுவீங்களே, அதான்..."

"ரொம்ப நல்லது. எங்களையும் சேர்த்து இழுத்துட்டுப் போங்க. அங்க போயி நான் சந்தோசமா அவுத்து விடுறேன்"னேன்.

"அங்க இடம் ஏதும்மா? கரையில படகுத்துறை. ரோட்டுக்கு மேக்க கார் நிறுத்துற இடம். எல்லாம் சமப்படுத்தி சிமெண்டு போட்டாச்சு."

ரோட்டுக்கு மேக்க. "அங்க கல்லறைத் தோட்டம் இருந்துச்சே?"ன்னேன்.

"ரோட்டுக்கு மேக்கால இடத்தை எடுக்கிறது ஆரம்பத்துலயே பிளான்ல இருக்கிறதுதானேம்மா. படகு இறக்குறதுக்கு முன்னாடியே உங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லியிருந்தேனே. சொல்லலையா அவரு?"

நான் தொம்மையப் பார்த்தேன். இந்தத் தடவை பார்க்கிறதுக்கு அவருக்குப் படகு பக்கத்துல இல்ல. தரையப் பார்த்தாரு.

"எப்பங்க சொன்னாரு?"

"சட்டைய போன்ல காட்டினாருல்ல," தொம்மை மெதுவாச் சொன்னாரு. "அப்பத்தான். அவ போயி எத்தனை வருசமாச்சு கித்தேரி. வெறும் மண்ணுதானே. ஊரு நல்லா இருந்தாச் சரின்னு நினைச்சேன்."

ஊரைப் பார்த்தேன். என்னைக் கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போயி தூண்கிட்ட நிறுத்தின அதே பொம்பளைங்க. "அவுத்து விடு தாயி, குழாய்த் தண்ணி வருது"ன்னு வியாகுலம் சொன்னா. மத்தவங்க எல்லாரும் ஒதுங்கித் தூணுக்கு வழி விட்டாங்க.

நடந்து போனேன். முடிச்சுல கை வச்சேன். நாரு அன்னிக்கு மாதிரியே சொரசொரன்னு இருந்துச்சு. தொம்மை மேனேஜர் கையில இருந்த சட்டைய வாங்கி நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு நின்னாரு. முடிச்சுக்கு மேல மிச்சமாத் தொங்கின நுனிய எடுத்தேன், தூணை ஒரு சுத்துச் சுத்தினேன், இழுத்து இன்னொரு முடிச்சுப் போட்டேன்.

அதுல இருந்து தினமும் கோயில் மணி அடிச்சதும் போயி ஒரு முடிச்சுப் போடுறேன். மெழுகுவர்த்தியும் அங்கதான் கொளுத்துறேன். குழாய்த் தண்ணி வரல, அதுக்கு என்னைத்தான் திட்டுறாங்க. கிணத்தடியில என் குடம் போனா மத்தவ குடம் விலகிக்குது. முதலாளி உல்லாசத்துக்குக்கூட எடுக்காம படகு துறையிலயே பாசி பிடிச்சு நிக்குது. தொம்மை வீட்டுலதான் இருக்காரு. சோறு வச்சா சாப்பிடுவாரு, அந்தச் சட்டையை மடிச்சுப் பெட்டியில வச்சிருக்காரு. நாங்க பேசிக்கிறதில்ல.

நீங்க வந்து உக்காந்ததுல இருந்து என் கையத்தான் பார்த்துக்கிட்டிருக்கீங்க. என்ன திரிக்கிறேன்னுதானே கேக்கணும்? முடிச்சுப் போட்டுப் போட்டு அந்த நுனி தீந்துபோச்சு. வீட்டுக்கு ஒரு புரின்னு ஊரு திரிச்சப்ப என் மக பேருல யாரும் ஒரு புரி குடுக்கல, நானும் குடுக்கல. இந்தப் புரி செலினோடது.